கண்டோன் என்றால் கண்டிப்பது இல்லையா? சங்கக் கடிதத்தில் மாட்டிக்கொண்டேன்

சந்தைப்பேட்டை | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் வணிகர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தொழில் பலசரக்குக் கடை. படிச்சது பி.காம்., 1996-ல முடிச்சேன். இங்கிலீஷ் வாசிச்சா புரியும், எழுதணும்னா வேர்த்துடும்.

போன வாரம் எங்க உறுப்பினர் ஒருத்தரை, மாமூல் தரலைன்னு நாலு பேர் கடைக்குள்ள புகுந்து அடிச்சுட்டாங்க. தோள்பட்டையில நல்ல அடி. அன்னைக்கு ராத்திரியே அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேத்தினோம். "இத்தாக்குதலைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது." தமிழ்ல ஒரு குறையும் இல்லை. இன்சூரன்ஸ்காரங்களுக்கு இங்கிலீஷ் காப்பி ஒண்ணு வேணும்னாங்க. யார்கிட்ட போய் நிக்கிறதுன்னு நானே எழுதிட்டேன்: "தி அசோசியேஷன் ஸ்ட்ராங்லி கண்டோன்ஸ் திஸ் அட்டாக்." லெட்டர்ஹெட், தலைவர் கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் வச்சு, சங்க வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டாச்சு. 212 பேர் இருக்கிற குரூப். முப்பது பேர் கைதட்டல் பொம்மை வேற போட்டாங்க.

மறுநாள் காலையில கடை திறக்கிறேன், அடிபட்டவரோட மகள் சென்னையிலேருந்து போன். "அங்கிள், எங்க அப்பாவை அடிச்சதுல தப்பே இல்லைன்னு சங்கமே லெட்டர் கொடுத்திருக்கீங்களே!"

எனக்கு ஒண்ணும் ஓடலை. அகராதியைப் பார்த்தா "மன்னி, பொறுத்துக்கொள்"னு போட்டிருக்கு. அப்போ கண்டனத்துக்கு இங்கிலீஷ் என்ன? இந்த கண்டோனை எங்கதான் பயன்படுத்துறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க.

---

கடைசிபெஞ்ச் | செவ்வாய், இரவு 9.52

சிரிச்சு முடிச்சுட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க. எனக்கு இந்த வார்த்தை வேற மாதிரிதான் தெரியும். எங்க காலேஜ்ல அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழ போனா "கண்டோனேஷன் கட்டு"ம்பாங்க. ஆபீஸ்ல ஃபார்ம் வாங்கி, மெடிக்கல் சர்ட்டிபிகேட் வச்சு, ஃபீஸ் கட்டி, ஹெச்.ஓ.டி. கையெழுத்து. நாலு வருஷமா நாங்க எல்லாரும் அதை டொனேஷனோட ஒண்ணுவிட்ட தம்பின்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். பணம் வாங்குறாங்க, ரசீதும் தர்றாங்க, வேற என்னவா இருக்கும்?

---

டீச்சரம்மா | செவ்வாய், இரவு 10.15

சந்தைப்பேட்டை சார், நீங்க தேடினது கண்டெம். எழுத்துல கடைசியா ஒரு 'என்' இருக்கும், வினையா சொல்லும்போது வாய்ல வராது. கண்டெம்னேஷன்னு நீட்டும்போதுதான் வெளிய வரும். இதே சாயல்ல கண்டோல்னு மூணாவது ஒண்ணும் இருக்கு, அது துக்கம் விசாரிக்கிறது. கண்டோலன்ஸ்னு இரங்கல் போஸ்டர்ல பார்த்திருப்பீங்க. அடிச்சவனைக் கண்டெம் பண்ணணும், செத்தவங்க வீட்டுல கண்டோலன்ஸ் சொல்லணும். நீங்க எழுதினது இந்த ரெண்டும் இல்லை.

ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா ப்ளஸ் டூ பேப்பர் திருத்துறேன், வருஷத்துக்கு ஒருத்தராவது இதுல விழுவாங்க. வேற மொழிக்காரங்களை விட நமக்கு இந்தக் குழி ஆழம். காரணம் நம்ம "கண்டனம்". கண்டனம், கண்டோன் ரெண்டையும் சொல்லிப் பாருங்க, காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி கேட்குது. உண்மையில ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கண்டனம் வடமொழியிலேருந்து வந்தது, உடைக்கிறது, மறுத்துப் பேசுறதுன்னு அர்த்தம். கண்டோன் லத்தீன்லேருந்து வந்தது. நம்ம கண்டனமும் அவங்க கண்டெம்மும் ஒரே பொருள்ல வந்து நிக்கிறதுகூடத் தற்செயல்தான். கண்டெம் லத்தீன்ல தண்டனை, சேதம் சம்பந்தப்பட்ட வேர். டேமேஜ்ங்கிற சொல்லும் அங்கேருந்துதான் வருது.

---

பணிமனை_முருங்கை | செவ்வாய், இரவு 10.31

எங்க டிப்போல ஓடி ஓஞ்ச பஸ்ஸை "கண்டம் பண்ணியாச்சு"ம்போம். அதுவும் இந்தக் கண்டெம்தானா? நான் இத்தனை நாளா கண்டம் துண்டமா வெட்டிப் போடுறதால கண்டம்னு நினைச்சேன்.

---

டீச்சரம்மா | செவ்வாய், இரவு 10.38

அதுவேதான். இனி உதவாதுன்னு தீர்ப்பு எழுதுறது. இடிக்கச் சொல்லி ஒதுக்கின கட்டடத்துக்கும் அதே சொல். வெட்டிப் போடுறதும் நடக்கிறதால உங்க விளக்கமும் ஒண்ணும் மோசமில்லை.

---

பழையகுமாஸ்தா | புதன், காலை 5.50

வணக்கம். 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவன். இந்தச் சொல்லைத் தட்டச்சு பண்ணியே என் விரல் தேஞ்சு போச்சு. எங்க ஊர்ல இதுக்கு "கண்டோன் டிலே பெட்டிஷன்"னு பேரு. தமிழ்ல மனு போட்டா "காலதாமதத்தை மன்னித்து உத்தரவு பிறப்பிக்க வேண்டுதல்".

எப்படின்னா, ஒருத்தர் மேல கேஸ். வாய்தாவுக்கு வரலை. கோர்ட்டு எக்ஸ் பார்ட்டி டிக்ரி கொடுத்துடுது, அதாவது எதிராளி இல்லாமலே தீர்ப்பு. அதை ரத்து பண்ணச் சொல்லி 30 நாளுக்குள்ள மனு போடணும். இவர் ஆடி அசைஞ்சு நிலத்துல ஜப்தி நோட்டீஸ் ஒட்டின பிறகுதான் வருவார். அப்போ ரெண்டு மனு வேணும். ரத்து பண்ணச் சொல்லி ஒண்ணு, இவ்வளவு நாள் லேட்டா வந்ததைப் பொறுத்துக்கோங்கன்னு இன்னொண்ணு. ரெண்டாவதுதான் கண்டோன் டிலே. அது தேறலைன்னா முதல் மனு செல்லாக் காசு.

நாள் கணக்கு ரொம்ப முக்கியம். நான் ஒருதடவை மாட்டினதைச் சொல்றேன். ஜூலை 8 டிக்ரி. டிக்ரி ஆன நாளைச் சேர்க்கக் கூடாது, 9-லேருந்து எண்ணணும். 30-வது நாள் ஆகஸ்ட் 7. நாங்க மனு போட்டது செப்டம்பர் 19. 42 நாள் தாமதம்னு அடிச்சுட்டேன். ஆகஸ்டுக்கு 31 நாள்ங்கிறது அந்த அவசரத்துல மறந்துபோச்சு. 24-ம் 19-ம் 43. ஒத்தை நாள் வித்தியாசத்துக்கு மனு ரிட்டர்ன். வக்கீல் ஐயா ஒரு வார்த்தை பேசலை, கேலண்டரை மட்டும் எடுத்து என் டேபிள்மேல வச்சுட்டுப் போனார்.

மனுவோட வைக்கிற அஃபிடவிட்ல, அதாவது பிரமாணப் பத்திரத்துல, காரணம் எழுதுறது தனிக் கலை. அன்னைய தேதியில முக்கால்வாசி பேருக்கு மஞ்சள் காமாலைதான் வரும். ஏன்னா அதுக்கு நாட்டு வைத்தியம் பார்த்தேன்னு சொல்லலாம், ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்க மாட்டாங்க. அதுக்கப்புறம் மாறாத ஒரு வரி உண்டு: "தாமதம் வேண்டுமென்றோ உள்நோக்கத்துடனோ ஏற்பட்டதல்ல." இதை நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

---

கடைசிபெஞ்ச் | புதன், காலை 8.20

ஐயா, எங்க காலேஜ்லயும் மஞ்சள் காமாலைதான். போன செமஸ்டர் எங்க கிளாஸ்ல ஆறு பேருக்கு வந்துச்சு.

---

கருப்புகோட்டு | புதன், காலை 10.05

குமாஸ்தா ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. சின்னதா ஒண்ணு சேர்க்கிறேன், இது நான் ஜூனியரா இருந்தப்போ என்னையே திகைக்க வச்சது. இந்த மனு 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவின் கீழே போடுறது. அந்தப் பிரிவை எடுத்துப் படிச்சுப் பாருங்க, கண்டோன்ங்கிற சொல்லே அதுல இருக்காது. போதுமான காரணம் இருந்ததுன்னு கோர்ட்டை நம்ப வச்சா, கெடு தாண்டின பிறகும் அப்பீலையோ மனுவையோ ஏத்துக்கலாம்னுதான் இருக்கு. கண்டோன் எல்லாம் நாமளும் தீர்ப்புகளும் சேர்ந்து வச்ச பேர். புதுசா ஒரு கேஸே தொடுக்கிறதுக்கு இந்தச் சலுகை கிடையாது. டிக்ரியை நிறைவேத்துற மனுக்களுக்கும் கிடையாது.

எவ்வளவு பொறுக்கலாம்னு அளவு இல்லை. 1987-ல காஷ்மீர் அனந்த்நாக் நில எடுப்பு வழக்குல தாமதம் வெறும் 4 நாள். உச்ச நீதிமன்றம் அதைப் பொறுத்துக்கிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்லுன்னா ஏன் ஒவ்வொரு மணி, ஒவ்வொரு விநாடிக்கும் கேட்கக் கூடாதுன்னு திருப்பிக் கேட்டுச்சு. 2012-ல தபால் துறை வழக்கு ஒண்ணு, 427 நாள் தாமதம். ஃபைல் இந்த மேஜையிலேருந்து அந்த மேஜைக்குப் போச்சுன்னு காரணம் சொன்னாங்க. அதே உச்ச நீதிமன்றம், அரசாங்க இலாகான்னா தனிச் சட்டமான்னு கேட்டுத் தள்ளுபடி பண்ணிடுச்சு. நாள் எண்ணிக்கையை விடக் காரணம்தான் முக்கியம்னு சீனியருங்க சொல்லுவாங்க. 427-ஐப் பார்த்தா எண்ணிக்கையும் கொஞ்சம் முக்கியம்தான்னு எனக்குத் தோணும்.

ஆக சார், கண்டோன்னா மன்னிப்பு. அகராதி சரிதான்.

---

டீச்சரம்மா | புதன், மதியம் 1.10

கருப்புகோட்டு தம்பி, அங்கதான் நான் மாறுபடுறேன். கோர்ட்டுக்கு வெளிய வந்துட்டா கண்டோன் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. இங்கிலீஷ் பேப்பரை எடுங்க. பத்துக்கு ஒன்பது இடத்துல அதுக்கு முன்னாடி "நாட்" நிக்கும். "வி டு நாட் கண்டோன் வயலன்ஸ்." இதை "நாங்கள் வன்முறையை மன்னிப்பதில்லை"ன்னு யாராவது தமிழ்ப்படுத்தினா தலையில குட்டணும். "வன்முறைக்கு நாங்கள் துணைபோக மாட்டோம்", "வன்முறையை ஏற்க மாட்டோம்"ங்கிறதுதான் சேதி. அதாவது தப்புன்னு தெரிஞ்சும் பரவாயில்லைன்னு விடுறது, வாய் மூடிச் சம்மதிக்கிறது. அடிபட்டவர் மகளுக்குக் கோபம் வந்தது அதனாலதான். சங்கம் மன்னிச்சுடுச்சுன்னுகூட அந்தப் பொண்ணு நினைக்கலை, சங்கம் உடந்தைன்னே படிச்சிருக்கு. அதுலயும் "ஸ்ட்ராங்லி" வேற!

---

கருப்புகோட்டு | புதன், மதியம் 1.34

மேடம், பேச்சு வழக்குல தேஞ்சுபோன அர்த்தத்தை வச்சுச் சொல்லோட முதல் அர்த்தத்தை மாத்த முடியுமா? லத்தீன் வேர் கொண்டொனாரே. மன்னிச்சு விட்டுக்கொடுக்கிறதுதான் அர்த்தம்.

---

டீச்சரம்மா | புதன், இரவு 8.45

வேரைப் பிடிச்சுக்கிட்டு மரத்தை விட்டுடாதீங்க தம்பி. அந்த லத்தீன் சொல்லுக்குள்ள இருக்கிற "டொனாரே"ன்னா கொடுக்கிறது. டொனேஷன் அதுலேருந்துதான். பார்டன் இருக்கே, அதுவும் அதே வேர். நாமளும் மன்னிப்பைக் "கொடுக்க"த்தானே செய்றோம்? கடைசிபெஞ்ச் கண்ணு, உங்க கண்டோனேஷன் டொனேஷனுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு விளையாட்டுக்குச் சொன்னீங்க பாருங்க, அது நெசம்.

ஆனா இந்த வினைச்சொல் இங்கிலீஷ்ல பரவலா நடமாட ஆரம்பிச்சது கோர்ட்டு வழியாத்தான், அதுவும் விவாகரத்து கோர்ட்டு வழியா. 1857-ல இங்கிலாந்துல திருமண வழக்குச் சட்டம் வந்து, விவாகரத்து மதக் கோர்ட்டுலேருந்து சிவில் கோர்ட்டுக்கு மாறுச்சு. கணவன் தப்புப் பண்ணினான்னு மனைவிக்குத் தெரியும், அல்லது மனைவி பண்ணினது கணவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் சேர்ந்து வாழ்ந்துட்டு, நாலு வருஷம் கழிச்சு அதே தப்பைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாது. நீதான் அப்பவே கண்டோன் பண்ணிட்டியே. இதுல வாயைத் திறந்து "மன்னிச்சேன்"னு சொல்லணும்னு இல்லை. நடந்துகிட்ட விதத்துலேயே அது அடங்கிடும். அந்தச் சொல்லாத சம்மதம்தான் இன்னைக்குப் பேப்பர்ல வர்ற அர்த்தம். தேஞ்சு வந்தது இல்லை தம்பி, அதே மரத்துல இன்னொரு கிளை.

---

கருப்புகோட்டு | புதன், இரவு 9.20

விவாகரத்தை எடுத்துட்டீங்களா, அப்போ எனக்கும் ஒரு சீட்டு இருக்கு. நம்ம 1955 இந்து திருமணச் சட்டம், 23-வது பிரிவு, அங்க கண்டோன் நேரடியாவே வருது. கொடுமைன்னு சொல்லி வர்றவங்க அந்தக் கொடுமையை முன்னாடியே கண்டோன் பண்ணியிருக்கக் கூடாது. அதுக்கு என்ன அர்த்தம்னு 1975-ல தஸ்தானே வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: மன்னிச்சிருக்கணும், பழைய இடத்துலேயே திரும்ப வச்சிருக்கவும் வேணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கண்டோனேஷன். சும்மா சகிச்சுக்கிட்டு இருந்தது மட்டும் போதாது.

ஆனா "சொல்லாம நடத்தையில காட்டுறது"ங்கிறதுல உங்க பக்கம் சாயுறேன். அந்த வழக்குலயும் மன்னிச்சதுக்குச் சாட்சி சேர்ந்து வாழ்ந்ததுதான்.

---

ஸ்கார்பரோவாசி | வியாழன், அதிகாலை 4.12

இஞ்ச கனடாவில இந்தச் சொல் வேலையிடத்திலயும் வரும். நான் ஒரு வெயர்ஹவுஸில சூப்பர்வைசரா இருக்கிறன். ஒருத்தர் தொடர்ந்து பிந்தித்தான் வாறவர், எனக்குத் தெரியும், நான் ஒண்டும் எழுதி வைக்கேல்லை, வார்னிங் லெட்டரும் குடுக்கேல்லை. கனகாலம் கழிச்சு அதையே காரணம் காட்டி அவரை நிப்பாட்ட வெளிக்கிட்டம். எச்.ஆர். பிள்ளை சொல்லிச்சுது, "நீங்கள் இவ்வளவு நாளும் கண்டோன் பண்ணிப்போட்டு இப்ப ஏலாது." எனக்கு அப்ப சரியா விளங்கேல்லை. நான் எங்க மன்னிச்சனான், ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ள திட்டிக்கொண்டெல்லோ இருந்தனான்! ஆனா சட்டத்துக்கு மனசு தெரியாது, பேசாமல் இருந்ததுதான் தெரியும். டீச்சர் சொல்லுற அர்த்தம்தான் இஞ்ச நடப்பில இருக்கு.

அட்டெண்டன்ஸுக்குக் கண்டோனேஷன் ஃபீஸ் எண்டு நான் இங்கத்தைய ஆக்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டினம்.

---

சொல்லாய்வு | வியாழன், காலை 7.30

இரண்டு நாளாகப் படித்துவருகிறேன். ஆங்கிலம் ஒருபுறம் இருக்கட்டும், நம் தமிழைக் கொஞ்சம் பாருங்கள். "காலதாமதத்தை மன்னித்து" என்று மனுவில் எழுதுகிறோம். தாமதம் என்ன குற்றவாளியா, அதை மன்னிப்பதற்கு? மன்னிப்பு ஆளுக்கு. பிழையைப் பொறுப்போம். "பிழை பொறுத்தருள்க" என்று கல்யாணப் பத்திரிகையிலும் திருவிழா நோட்டீசிலும் போட்டவர்கள்தானே நாம். "தாமதத்தைப் பொறுத்தருள" என்பதே நேர்.

கண்டோனும் இதே இலக்கணத்தில்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அதன் செயப்படுபொருள் ஆளாக இருக்க முடியாது, செயலாகத்தான் இருக்க வேண்டும். சரிதானா டீச்சர்?

---

டீச்சரம்மா | வியாழன், காலை 7.58

முத்து மாதிரி சொன்னீங்க. "கண்டோன் ஹிம்" தப்பு. "கண்டோன் ஹிஸ் பிஹேவியர்" சரி. ஆளை மன்னிக்கணும்னா ஃபர்கிவ் இருக்கு, பார்டன் இருக்கு. இன்னொண்ணு, நடுவுல "ஃபார்" போடக் கூடாது. "கண்டோன் ஃபார் தி டிலே"ன்னு லீவ் லெட்டர்ல எழுதுவாங்க, ஃபாரை வெட்டுங்க. கண்டோல் நேர்மாறு, அதுக்கு "வித்" வேணும், துக்கப்படுறவங்களோட சேர்ந்து துக்கப்படுறது. நம்ம ஊர்ப் பேப்பர்லதான் "கண்டோல்ட் தி டெத்"னு எழுதுறாங்க, அதை நான் திருத்தி முடிக்கிற ஆள் இல்லை.

---

பணிமனை_முருங்கை | வியாழன், காலை 9.15

இவ்வளவும் படிச்சேன். நாளைக்குக் காலையில கேட்டா எனக்கு மறுபடி கண்டோன், கண்டெம் குழம்பும். ஞாபகம் வச்சுக்க ஏதாவது வழி சொல்லுங்களேன்.

---

சொல்லாய்வு | வியாழன், காலை 9.40

தமிழிலேயே இருக்கிறதே. கண்டோன் என்றால் பழந்தமிழில் பார்த்தவன். கண்டோர், கேட்டோர் என்கிறோம் அல்லவா, அந்தக் கண்டோன். பார்த்தவன் பார்த்தும் பேசாமல் போகிறான். கண்டும் காணாமல் விடுகிறான். ஆங்கிலக் கண்டோனுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. வேர் வேறு, பொருள் வந்து உட்கார்ந்துவிட்டது.

---

டீச்சரம்மா | வியாழன், காலை 9.44

இருபத்தாறு வருஷமா வாத்தியார் வேலை பார்க்கிறேன், இது எனக்குத் தோணலையே! திங்கட்கிழமை வகுப்புல சொல்லப் போறேன். "கண்டுக்காம விட்டுட்டான்"ங்கிறதும் இதே குடும்பம். இதுல மன்னிப்பும் இருக்கு, உடந்தையும் இருக்கு. கருப்புகோட்டு தம்பிக்கும் எனக்கும் நடந்த சண்டைக்கும் இதுலேயே இடம் இருக்கு.

---

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 11.25

வருமான வரிக்காரங்க யாரும் பேசலையே. வருமான வரிச் சட்டத்துல இதுக்கு ஒரு கதவு உண்டு. கெடு தாண்டிப்போன ரீஃபண்டை உண்மையான காரணம் காட்டிக் கேட்கலாம். ஆனா என்கிட்ட வர்ற கேஸ்ல பாதி அது இல்லை. ரிட்டர்ன் போட்டுடுவாங்க, அதை 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ண மறந்துடுவாங்க. வெரிஃபை பண்ணாத ரிட்டர்ன் போடாத மாதிரிதான். அப்போ வெப்சைட்லயே "கண்டோனேஷன் ரிக்வெஸ்ட்"னு ஒரு இடம் இருக்கு, காரணம் எழுதி அனுப்பணும். போன மாசம் ஒருத்தர், ரிட்டயர்ட் மனுஷர், அந்தப் பெட்டியில "ஐ ஆம் நாட் வில்லிங் டு கிவ் எனி டொனேஷன்"னு எழுதிட்டு என்கிட்ட வந்தார். பேரைப் பார்த்துட்டு நன்கொடை கேட்கிறாங்கன்னு நினைச்சுட்டாராம்.

---

கடைசிபெஞ்ச் | வியாழன், மாலை 6.30

ஒரு சீரியஸ் கேள்வி. வக்கீல் சார், டீச்சர், யாராவது. கண்டோனேஷனுக்கு அளவு இருக்கா? எனக்கு இந்த செமஸ்டர் 64.4 வருது.

---

கருப்புகோட்டு | வியாழன், மாலை 6.52

தம்பி, உங்க காலேஜோட ரெகுலேஷன் புத்தகத்தை எடுங்க. 65-லேருந்து 75 வரைக்கும்தான் கண்டோனேஷன்னு பல இடத்துல இருக்கும். அப்படி இருந்தா 65-க்குக் கீழ பிரின்சிபால் நினைச்சாலும் முடியாது. பொறுத்துக்கொள்ற அதிகாரம் எங்கேருந்து வருதோ, அங்கேயே அதோட எல்லையும் இருக்கும். ஆர்பிட்ரேஷன்ல நடுவர் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுல மனு போட 1996 ஆர்பிட்ரேஷன் சட்டம் மூணு மாசம் தருது, அதுக்கு மேல கோர்ட்டு 30 நாள் வரைக்கும்தான் பொறுக்கலாம். அப்புறம் கிடையாதுன்னு சட்டமே சொல்லுது. 31-வது நாள் மஞ்சள் காமாலை, டைபாய்டு எது வந்தாலும் கதவு சாத்தினது சாத்தினதுதான்.

---

பழையகுமாஸ்தா | வியாழன், இரவு 7.20

தம்பி, மனு எழுதுறதுக்கு முன்னாடி நாளை எண்ணு. நான் பட்டதைச் சொல்லியிருக்கேன். உன் அட்டெண்டன்ஸை நீயே ஒருதடவை கூட்டிப் பாரு. என்.எஸ்.எஸ்., விளையாட்டு அப்படி எதுக்காவது காலேஜ் அனுப்பி நீ போயிருந்தா, அது ஏறியிருக்கான்னு கேளு.

---

சந்தைப்பேட்டை | வியாழன், இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் வருவீங்கன்னு நினைக்கலை. நடந்ததைச் சொல்லிடுறேன்.

திருத்தின கடிதம் தயார். "ஸ்ட்ராங்லி கண்டெம்ஸ்." பழைய கடிதம் போன எல்லா இடத்துக்கும் இதுவும் போகணும், கூடவே ஒரு முகப்புக் கடிதமும் வேணும். அதுல நான் எழுதியிருக்கிறது: "ப்ளீஸ் கண்டோன் தி எரர் இன் அவர் எர்லியர் லெட்டர்." இந்தத் தடவை சரியா இருக்கா? பிழைதான் செயப்படுபொருள், ஆள் இல்லை, ஃபாரும் போடலை. அனுப்புறதுக்கு முன்னாடி டீச்சர் பார்த்துச் சொல்லணும். தலைவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார், "அந்த வார்த்தை இருக்கிற பேப்பர் எதையும் என்கிட்ட கொண்டு வராதே"ங்கிறார்.

---

டீச்சரம்மா | வியாழன், இரவு 10.21

இலக்கணம் சுத்தம், பத்துக்குப் பத்து. ஆனா தலைவர் பக்கமும் நியாயம் இருக்கு. கண்டோன்ங்கிறது மேல இருந்து கீழ வர்ற சொல். கோர்ட்டு, யுனிவர்சிட்டி, இலாகா, இப்படி அதிகாரம் இருக்கிற இடம், விதி மீறினதைப் பொறுக்கிறது. இன்சூரன்ஸ்காரங்க உங்களுக்கு மேலதிகாரி இல்லையே. "ப்ளீஸ் எக்ஸ்க்யூஸ் தி எரர்" போதும். "தி எரர் இஸ் ரிக்ரெட்டட்"னு போட்டாலும் ஆபீஸ் பாஷையில பொருந்தும். அந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்களா?

---

சந்தைப்பேட்டை | வெள்ளி, காலை 7.15

எக்ஸ்க்யூஸ்னு மாத்திட்டேன், கையெழுத்தாயிடுச்சு. இன்சூரன்ஸுக்கு இன்னைக்கு ஸ்பீட் போஸ்ட்ல போகுது.

பொண்ணுகிட்ட நேத்தே பேசிட்டேன். சனிக்கிழமை ஊருக்கு வருதாம், குரூப்புக்குப் போற இங்கிலீஷ் எல்லாம் இனிமே தான் பார்த்துட்டுத்தான் போகணும்னு கண்டிஷன் போட்டுடுச்சு. அவங்க அப்பா கட்டுப்போட்ட கையோட உட்கார்ந்து சிரிக்கிறார். "நாலு பேர் அடிச்சது வலிக்கலைய்யா, நீ எழுதினதுதான்யா வலிச்சது"ங்கிறார்.

---

கடைசிபெஞ்ச் | வெள்ளி, மாலை 5.48

குமாஸ்தா ஐயா, உங்க கால்ல விழுறேன். ஆபீஸ்ல போய்க் கேட்டேன். என்.எஸ்.எஸ். கேம்ப் ஏழு நாள்ல ரெண்டு நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, காலேஜ் வேலையா போனதுக்கான வருகை) ஏறவே இல்லை. சார் கையெழுத்துப் போட்ட லிஸ்ட் என் போன்ல இருந்துச்சு, காட்டினேன், ஏத்திட்டாங்க. இப்போ 66.7. கண்டோனேஷன் ஃபார்ம் வாங்கிட்டேன். காரணம்கிற இடத்துல உண்மையான காரணத்தையே எழுதிட்டேன், டெங்கு. மஞ்சள் காமாலைக் கோஷ்டியில நான் இல்லை.

ஃபீஸ் கட்ட அப்பாகிட்ட காசு கேட்டேன். "அட்மிஷனப்பவே கட்டியாச்சே, மறுபடி என்னடா டொனேஷன்?"ன்னார். அது டொனேஷன் இல்லைப்பா, ஆனா ஒரே வேர்தான்னு ஆரம்பிச்சேன். ரசீதைக் கொண்டா, அப்புறம் பேசலாம்னுட்டார்.